தேங்கிய நீரில் பறந்துபோகும் யூரியா

ஐப்பசி அடைமழையில் வேப்பந்தட்டை, குன்னம் பக்கத்துக் கரிசல் நிலங்களில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றுவிட்டால் மக்காச்சோளம் மஞ்சள் பூத்துவிடும். அடி இலையின் நுனியில் தொடங்கி நடு நரம்பை ஒட்டி மஞ்சள் உள்ளே இறங்கினால் அது தழைச்சத்துப் பற்றாக்குறை. பத்து நாளைக்கு முன்புதானே யூரியா போட்டோம், எங்கே போனது?

ஒரு பகுதி தண்ணீரோடு போயிருக்கும். இன்னொரு பகுதி வாயுவாகிக் காற்றில் கலந்திருக்கும். மண்ணில் காற்றோட்டம் இருந்தால் பாக்டீரியாக்கள் யூரியாவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நீர் தேங்கிக் காற்று அடைபட்டதும் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் உள்ள பிராணவாயுவை உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தை நைட்ரஸ் ஆக்சைடு, நைட்ரஜன் என்ற வாயுக்களாக விட்டுவிடுகின்றன.

நகரங்களின் சாக்கடை நீர் சுத்திகரிப்பு நிலையங்களில் இதே வேலையை வேண்டுமென்றே செய்விக்கிறார்கள். ஒரு தொட்டியில் காற்றை ஊதி அம்மோனியாவை நைட்ரேட்டாக்கி, காற்றில்லாத தொட்டியில் அதை வாயுவாக்கி விரட்டுகிறார்கள். அவர்களுக்குத் தழைச்சத்து கழிவு. ஏரியில் விட்டால் ஆகாயத்தாமரை மண்டிவிடும். நமக்கோ அது கடன் வாங்கிப் போட்ட காசு. வேலை அரைகுறையாக நின்றால் அங்கும் நைட்ரஸ் ஆக்சைடு கிளம்பும். ஆபரேஷன் அறையில் மயக்கத்திற்குக் கொடுக்கும் வாயுதான் இது. எடைக்கு எடை, கரியமில வாயுவைப்போல் சுமார் 273 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது.

45 கிலோ மூட்டையில் தழைச்சத்து சுமார் 21 கிலோ. 2015 முதல் வேப்பெண்ணெய் பூசிய யூரியாவே வருகிறது. வேப்பெண்ணெய் நைட்ரேட் உண்டாவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. நீர் தேங்கினால் அதுவும் காப்பாற்றாது.

எனவே மழைக்கு முன்பே வயலின் தாழ்ந்த பக்கம் வடிகால் வெட்டிவிட வேண்டும். தண்ணீர் பக்கத்து நிலத்தில் இறங்குமானால் அவரிடம் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது. மழையில் நின்று சண்டை போட முடியாது. மஞ்சளைக் கண்ட பதற்றத்தில் ஈரச் சேற்றில் இன்னொரு மூட்டையைக் கொட்டினால் அதுவும் பறந்துவிடும். நீரை வடித்து, கால் பதியாத பதம் வந்தபின் செடிக்குச் சற்றுத் தள்ளி இட்டு மண் அணைக்கவும். மொத்த யூரியாவில் கால் பங்கு அடியுரமாகவும், பாதி 25-ம் நாளிலும், மீதி 45-ம் நாளிலும் இட்டால் ஒரே மழையில் எல்லாம் போகாது.

அரியலூர் மாவட்டம் திருமானூர் பகுதி நெல் வயல்களில் வேறு கதை. யூரியா போட்டபின் வயலை வெடிப்பு விடக் காயவிட்டு மீண்டும் நீர் கட்டினால்தான் இழப்பு. நீரை வடித்து, சேற்றில் யூரியா தூவி, மறுநாள் நீர் கட்டி அப்படியே சில நாள் வைத்திருக்கவும். இலை வண்ண அட்டையில் நிறம் பார்த்துப் போடுகிறவர்களுக்குச் சில சமயம் ஒரு தவணை யூரியாவே மிச்சமாகிறது.