உம்மும்மாவின் முழங்காலும் சீனத்து ஊசியும்

எங்கள் உம்மும்மாவுக்கு வயது 72. இரண்டு வருடங்களாக முழங்கால் நோவினால் கஷ்டப்படுகிறார். மாடிப்படி ஏற முடியாது என்பதையெல்லாம் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸுஜூதிலிருந்து எழ முடியாமல் கதிரையில் இருந்து தொழ வேண்டி வந்ததுதான் அவரது மனதை வருத்தியது. கிளினிக்கில் தந்த நோ மருந்தும் பூசிய தைலமும் கொஞ்ச நேரத்துக்கே கைகொடுத்தன. அந்த நேரத்தில்தான் உறவுக்கார மாமி ஒருவர் அக்குபங்சர் வைத்தியத்தைப் பற்றிச் சொன்னார்.

"ஊசி குத்தினா நோ போகுமா உம்மும்மா? அதெல்லாம் மனப்பிரமை" என்று நான் சிரித்தேன். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன் என்ற மிதப்பு எனக்கு. அந்தச் சிரிப்பின் விலை என்னவென்று பிறகுதான் தெரிந்தது. அதை இறுதியில் சொல்கிறேன். நான் சிரிக்கும் முன் படித்திருக்க வேண்டியவற்றை முதலில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஊசி வந்த வழி

இவ்வைத்தியத்தின் தாயகம் சீனா. அங்கே இதனை 'ஜென்ஜியூ' என்று அழைப்பர். 'ஜென்' என்றால் ஊசி. 'ஜியூ' என்றால் மூலிகையை எரித்துச் சூடு கொடுத்தல். அதாவது ஊசியும் சூடும் சீனர்களுக்கு ஒரே வைத்தியத்தின் இரு கைகள். ஹான் வம்ச காலத்தில் தொகுக்கப்பட்ட 'ஹுவாங்டி நெய்ஜிங்' என்னும் நூல் இதன் அடிப்படை நூலாகும். மஞ்சள் பேரரசர் கேள்வி கேட்க, வைத்தியர் சீபோ பதில் சொல்வதாக அந்நூல் அமைந்துள்ளது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹுவாங்ஃபு மி என்பவர் 349 ஊசிப் புள்ளிகளை விபரித்து நூல் எழுதினார்.

உடலில் 'ச்சி' என்னும் உயிர்ச்சக்தி குறிப்பிட்ட பாதைகளில் ஓடுகிறது, அது தடைப்படும்போது நோய் வருகிறது, ஊசி அத்தடையை நீக்குகிறது என்பதே பழைய விளக்கம். இன்று 14 பாதைகளில் 361 புள்ளிகள் கணக்கிடப்படுகின்றன. உம்மும்மாவுக்குக் குத்தப்பட்ட புள்ளிகளில் ஒன்று 'சூசான்லி'. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கமாக உள்ளது.

மாணவிகளாகிய எமக்குப் பிடித்த ஒரு கதையும் இவ்வரலாற்றில் உண்டு. சோங் வம்ச காலத்தில், 1027 ஆம் ஆண்டளவில், வாங் வெய்யி என்ற வைத்தியர் ஆளுயர வெண்கல உருவத்தைச் செய்வித்தார். அதில் ஊசிப் புள்ளிகள் யாவும் சிறு துளைகளாக இருந்தன. பரீட்சை நாளில் உருவத்தின் மேல் மெழுகு பூசி, உள்ளே நீர் நிரப்புவார்களாம். மாணவன் சரியான இடத்தில் குத்தினால் நீர் கசியும். தவறினால் ஊசி உள்ளே போகாது. செய்முறைப் பரீட்சை அன்றும் கடினமாகத்தான் இருந்திருக்கிறது!

சீனாவிலேயே இவ்வைத்தியம் எப்போதும் கொண்டாடப்பட்டது என்று எண்ண வேண்டாம். 1822 இல் தாவோகுவாங் பேரரசர் அரச வைத்தியக் கழகத்தில் ஊசி வைத்தியத்தைத் தடை செய்தார். 1950 களில்தான் சீன அரசாங்கம் அதை மீண்டும் ஒழுங்குபடுத்தி வைத்தியசாலைகளுக்குக் கொண்டுவந்தது.

'அக்குபங்சர்' என்பது லத்தீன் மொழியிலிருந்து வந்த சொல். ஊசி, குத்துதல் என்ற இரு சொற்களின் சேர்க்கை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக ஜப்பானில் பணிபுரிந்த வில்லெம் டென் ரைன், 1683 இல் வெளியிட்ட நூலின் மூலம் இச்சொல்லை ஐரோப்பாவுக்கு அறிமுகப்படுத்தினார். அதே காலத்தில் இலங்கையின் கரையோரங்களை ஆண்டதும் அதே கம்பனிதான்.

மேற்குலகில் இது பரபரப்பானது 1971 இல். பீஜிங் சென்றிருந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குக் குடல்வால் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. பின்னர் ஏற்பட்ட வயிற்று உபாதைக்கு அங்குள்ள வைத்தியர் ஊசி குத்தினார். அதைப் பற்றி அவர் பத்திரிகையில் எழுதினார். ஊசியால் மட்டுமே மயக்கி அவருக்குச் சத்திரசிகிச்சை செய்ததாக இன்றும் பலர் சொல்கிறார்கள். அது தவறு. வழமையான விறைப்பு மருந்து கொடுத்தே சத்திரசிகிச்சை நடந்தது. ஒரு செய்தி வாய்மாறும்போது எப்படி வளர்கிறது என்பதற்கு இது நல்ல உதாரணம். எமது நாட்டில் இவ்வைத்தியத்தைப் பரப்பியவர்களுள், களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்கு வைத்தியசாலையில் பணியாற்றிய அன்டன் ஜயசூரிய குறிப்பிடத்தக்கவர்.

ஊசி உண்மையில் என்ன செய்கிறது?

உம்மும்மாவோடு நானும் போயிருந்தேன். ஊசி தையலூசியைவிட மிகவும் மெல்லியது. குத்திய இடத்தில் இரத்தம் வரவில்லை. "நோகல்ல மகள், கனக்கிற மாதிரி ஈக்கிது" என்றார் உம்மும்மா. அந்தக் கனதியைச் சீனர்கள் 'தே ச்சி' என்பர். 'ச்சி' ஓடும் பாதைகளை உடற்கூற்றியலில் எவரும் கண்டதில்லை. ஆனால் ஊசி நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. அதனால் மூளையில் எண்டோர்பின் போன்ற வலிதணிக்கும் பதார்த்தங்கள் சுரக்கின்றன என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் உண்டு.

ஆனால் நோ குறைந்தது ஊசியினாலா, நம்பிக்கையினாலா? இதை அறிய விஞ்ஞானிகள் 'போலி ஊசி'யைப் பயன்படுத்துகின்றனர். சிலவேளை, நாடகத்தில் வரும் கத்தி பிடிக்குள் போவது போல, தோலைத் தொட்டதும் உள்வாங்கும் ஊசி. சிலவேளை, புள்ளியில்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்துவது.

ஜேர்மனியில் முழங்கால் மூட்டுத் தேய்வுள்ள 1007 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2006 இல் வெளியானது. ஆறு மாதங்களின் பின் குறிப்பிடத்தக்க சுகம் கண்டவர்கள்: சரியான புள்ளிகளில் ஊசி பெற்றவர்களில் 53.1 சதவீதம், போலி ஊசி பெற்றவர்களில் 51 சதவீதம், ஊசியின்றி வழமையான சிகிச்சை பெற்றவர்களில் 29.1 சதவீதம்.

இந்த மூன்று எண்களையும் நான் பலமுறை பார்த்தேன். ஊசி பெற்றவர்களுக்குக் கிடைத்த பயன் சிறியதல்ல. ஆகவே என் சிரிப்பு தவறு. ஆனால் சரியான ஊசிக்கும் போலி ஊசிக்கும் இடையில் வேறுபாடு மிகச் சிறிது. ஆகவே புள்ளிகளைப் பற்றிய பழைய விளக்கத்தை அப்படியே ஏற்பதும் கடினம். அமைதியாகப் படுத்திருப்பது, ஒருவர் அக்கறையோடு தொட்டுக் கவனிப்பது, சுகம் வரும் என்ற எதிர்பார்ப்பு இவையும் வலியைக் குறைக்கின்றன போலும். பிரித்தானியாவின் தேசிய வழிகாட்டல் நிறுவனமும் இப்படித்தான் பிரித்துப் பார்க்கிறது. நாட்பட்ட சிலவகை வலிகளுக்கும் ஒற்றைத் தலைவலியைத் தடுப்பதற்கும் அக்குபங்சரைப் பரிசீலிக்கலாம் என்கிறது; இடுப்பு நோவுக்கு 2016 இல் பரிந்துரையை நீக்கிவிட்டது. நோக்கள் சிலவற்றுக்கு உதவலாம் என்பதிலிருந்து, சீனி வருத்தத்தையும் புற்றுநோயையும் மாற்றும் என்று தாவுவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

ஊசியின் உறவினர்கள்

சூட்டு வைத்தியத்துக்கு 'மொக்ஸா' என்று பெயர். மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த மூலிகையின் இலையைக் காயவைத்து இடித்து, சுருட்டுப் போலாக்கி, புள்ளிக்கு அருகே புகையவிடுவர். நீண்டகாலச் சீனி வருத்தத்தால் கால் மரத்துப் போனவர்களுக்குச் சூடு தெரியாது. புண் வந்த பின்பே தெரியும். இது கட்டாயம் கவனிக்க வேண்டியது.

கிண்ணம் வைத்து உறிஞ்சும் முறையும் சீனாவில் உண்டு. 2016 ஒலிம்பிக் போட்டியில் நீச்சல் வீரர் மைக்கல் பெல்ப்ஸின் தோளில் இருந்த வட்ட அடையாளங்கள் இதனால் வந்தவையே. எமக்குத் தெரிந்த ஹிஜாமா இதன் உறவினர். அதில் தோலைச் சிறிது கீறி இரத்தம் எடுக்கப்படும். பெரும்பாலான சீன முறையில் உறிஞ்சுதல் மட்டுமே. இரத்தம் எடுக்கும் இடத்தில் சுத்தமும் பயிற்சியும் இரு மடங்கு தேவை.

மூலிகைகளில் இரண்டு கதைகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். முதலாவது, சீன விஞ்ஞானி தூ யூயூவின் கதை. மலேரியாவுக்கு மருந்து தேடிய அவர், நான்காம் நூற்றாண்டின் கே ஹொங் எழுதிய நூலில் ஒரு குறிப்பைக் கண்டார். மூலிகையை அவிக்காமல், நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி அதில் இருந்தது. வெப்பம் மருந்தைக் கெடுக்கிறதோ என்று எண்ணி, குறைந்த வெப்பநிலையில் ஈதரைக் கொண்டு பிரித்தெடுத்தார். 1971 இல் விலங்குகளில் அது முழு வெற்றி பெற்றது. நோயாளிகளுக்குக் கொடுக்குமுன் தானே குடித்துப் பார்த்தார். அதுவே ஆர்டிமிசினின். 2015 இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மூலிகையும் மொக்ஸா மூலிகையும் ஒரே இனத்தின் இரு செடிகள். 1934-35 காலத்து மலேரியாவில் பல்லாயிரம் உயிர்களை இழந்து, 2016 இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்ட எமக்கு இம்மருந்தின் பெறுமதி புரியும்.

இரண்டாவது கதை பெல்ஜியத்தில் நடந்தது. 1990 களின் தொடக்கத்தில் அங்கு உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை கலந்த குளிசைகளை எடுத்த பெண்கள் பலரின் சிறுநீரகங்கள் பழுதாயின. பெயர் ஒத்திருந்ததால் ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா என்னும் நச்சு மூலிகை கலந்திருந்தது. சுமார் நூறு பேர் பாதிக்கப்பட்டனர். சிலருக்குப் பின்னர் புற்றுநோயும் வந்தது. "மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்று சொல்லும்போது அந்தப் பெண்களை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். தூ யூயூவிடம் இருந்த பழைய நூலும் சீனத்து நூல்தான். அவர் அதைச் சோதித்தார். பெல்ஜியத்தில் யாரும் சோதிக்கவில்லை.

அலுமாரியில் கண்டது

ஆறு வாரங்களில் உம்மும்மாவின் கால் நோ நன்றாகக் குறைந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். ஒருநாள் அவரது அலுமாரியில் தஸ்பீஹ் தேடப் போனேன். சேலைக்கு அடியில் கிளினிக்கில் கொடுத்த மருந்து உறைகள் ஒட்டியபடியே கிடந்தன. சீனிக் குளிசை, பிரஷர் குளிசை எல்லாமே. அடுத்த நாள் வெறும் வயிற்றில் பார்த்தபோது சீனி 260.

"ஊசி போட்டா குளிசை தேவல்லன்டு அங்க பக்கத்துல இருந்த ஒரு பொம்புள சென்ன" என்றார் மெதுவாக. ஊசி போட்டவர் அப்படிச் சொல்லவில்லை. என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று அவர் கேட்கவுமில்லை. "எனக்கிட்டச் சொல்லியிருக்கலாமே உம்மும்மா" என்றேன்.

"ஒங்களுக்குச் சென்னா சிரிப்பீங்கன்டு நெனச்சன் மகள்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மூடநம்பிக்கையைத் தடுப்பதாக எண்ணி நான் தடுத்தது, அவர் என்னிடம் பேசுவதைத்தான்.

அன்புள்ள தோழியரே, பெற்றோரே, உங்கள் வீட்டில் யாராவது இத்தகைய வைத்தியத்துக்குப் போனால் சிரிக்காமல் கூடவே போங்கள். அவர் பதிவுபெற்ற வைத்தியரா, முறையாகப் பயின்றவரா என்று கேளுங்கள். ஊசி புதியதா, உங்கள் முன்னால்தான் உறையைப் பிரிக்கிறாரா என்று பாருங்கள். ஒருவருக்குப் பாவித்த ஊசி ஈரல் அழற்சியை இன்னொருவருக்குக் கொண்டுபோகும். நெஞ்சுப் பகுதியில் ஆழமாகக் குத்தினால், அரிதாகவேனும், நுரையீரல் துளைபடலாம். கர்ப்பம், சீனி வருத்தம், இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து ஆகியவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக வீட்டுக்கு வந்த பின், "இதற்காக வேறு எந்த மருந்தையாவது நிறுத்தினீர்களா?" என்று அன்பாகக் கேளுங்கள்.

உம்மும்மா இப்போதும் மாதம் ஒருமுறை ஊசிக்குப் போகிறார். குளிசைகளும் நடக்கின்றன. கிளினிக் வைத்தியருக்கும் ஊசி வைத்தியருக்கும் காட்டுவதற்கு ஒரே கொப்பியில் எல்லா மருந்துகளையும் எழுதி வைத்திருக்கிறேன். காலையில் குளிசையை எடுத்துக் கொடுக்கும்போது, "அந்த வெங்கலப் பொம்மட கதையச் செல்லுங்க" என்பார். நூறு தடவை சொல்லிவிட்டேன். தண்ணீர் கசியும் இடத்தில் அவர் ஒவ்வொரு முறையும் சிரிக்கிறார்.