நிறைந்த ஏரிகளும் வெள்ள அபாய வரைபடமும்

சேலம் மாவட்டம் ஜலகண்டாபுரம் வட்டாரத்தில் வறட்சியே நெடுங்காலக் கவலையாக இருந்து வந்ததால், வெள்ள அபாய வரைபடம் கடலோரத்துக்கும் காவிரிக்கரைக்கும் மட்டுமே உரியது என்ற எண்ணம் வேரூன்றியிருக்கிறது. மேட்டூர் அணையின் உபரிநீரைத் திப்பம்பட்டியில் இறைத்து, எம். காளிப்பட்டி ஏரி தொடங்கிச் சரபங்கா வடிநிலத்தின் 100 வறண்ட ஏரிகளை நிரப்பும் திட்டம் 2021இல் முதற்கட்டமாகச் செயலுக்கு வந்தபின், அந்த எண்ணம் மாறியாக வேண்டும். உபரிநீர் பெரும்பாலும் ஆடி, ஆவணியில் கிடைப்பது. அதனால் நிறைந்த ஏரியின்மேல் ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டினால், முன்பு வறண்ட ஏரி உள்வாங்கிக்கொண்ட நீர் நேரே கோடி போகும். பாசனத்துக்குத் திட்டம் செய்யும் நன்மை பெரிது. ஆனால் கோடி வாய்க்கால், அதாவது ஏரியின் மிகுநீர் வெளியேறும் வழி, தூர்ந்தோ வீட்டுமனையாகியோ கிடந்தால் அந்நீர் குடியிருப்புக்குள்தான் புகும்.

பழைய மழைக்கணக்கை மட்டும் நம்பி வரையும் வரைபடம் இந்த அபாயத்தைக் காட்டாது. காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது தாங்கும் நீராவி ஏறக்குறைய 7 சதவீதம் கூடுகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் எச்சம் உள்நாட்டுக்கு நகர்ந்தபோது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை பதிவானது. 'நூறாண்டு வெள்ளம்' என்பது நூறாண்டுக்கு ஒருமுறை தவறாமல் வருவதன்று, எந்த ஓர் ஆண்டிலும் 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம். 30 ஆண்டு குடியிருப்பவர் அதை ஒருமுறையேனும் சந்திக்கும் வாய்ப்பு 26 சதவீதம். மழையின் இயல்பு மாறினால் அந்த 1 சதவீதமே உயர்ந்துவிடும்.

அரசு வரைபடம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மனை வாங்குமுன் புலப்படத்தையும் 'அ' பதிவேட்டையும் பார்த்தால், அந்தப் புல எண்ணோ அடுத்துள்ளதோ ஓடை அல்லது ஏரிப் புறம்போக்காகப் பதிவாகியிருக்கிறதா என்பது தெரியும். இந்த ஒரு சரிபார்ப்பைச் செய்யாததால் வாழ்நாள் சேமிப்பை நீர்வழியில் போட்டவர்களின் துயரம் பெரிது. ஏரியின் எல்லை வரைபடத்தையும் கோடி வாய்க்காலின் அளவையும் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வராவிடில் மேல்முறையீடு செய்யலாம். முன்பு பொதுப்பணித்துறை வசமிருந்து இப்போது நீர்வளத்துறை வசமுள்ள ஏரிகளை அளந்து எல்லையிட்டு ஆக்கிரமிப்பை அகற்ற, 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்கிறது. வெள்ளத்தால் பயிர்ச்சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பேரிடர் நிவாரணம் கோரலாம் என்பதால், நீர் வடியுமுன்பே சேதத்தைப் படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் எழுத்தில் மனு அளித்து, ஒப்புகை பெற்றுக்கொள்வது அவசியம். அவசர உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077.