வீட்டுக் கடனை மாற்றி வாங்கலாமா?

வீடு கட்டுதல் நம்மவரில் பெரும்பாலோர்க்கு வாழ்நாளில் ஒருமுறை கைகூடும் காரியம். நெசவாளிக்கு வீடு என்பது குடியிருக்கும் இடம் மட்டுமன்று. தறி நிற்கும் இடமும் அதுவே. விவசாயிக்கோ அது விளைந்ததைக் காப்பாற்றி வைக்கும் களஞ்சியமுமாகும். ஆதலின், வீட்டின் மேல் வாங்கிய கடனைப் பற்றிய எந்த முடிவும் தொழிலைப் பற்றிய முடிவாகவும் அமைந்துவிடுகிறது.

சங்கங்களுக்கு ஆய்வுக்காகச் செல்லுமிடங்களில் அங்கத்தினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. “என் வீட்டுக் கடனுக்கு வட்டி அதிகம். வேறோர் இடத்தில் குறைந்த வட்டிக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். அங்கே வாங்கி இதை அடைத்துவிடலாமா?” என்பதே அது. இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஆனால் ஒவ்வோர் அங்கத்தினரும் தாமே கணக்கிட்டு விடை காண இயலும். அதற்கு வழி கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேற்றுமை எழுவது ஏன்?

ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2020 மே மாதத்தில் 4.00 சதவிகிதமாக இருந்தது. 2023 பிப்ரவரியில் 6.50 ஆக உயர்ந்தது. 2025 ஜூனில் 5.50 ஆகக் குறைந்தது. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாக அளிக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோல் ஒன்றுடன் பிணைக்கப்பட்டுள்ளன. அதற்கு முந்திய கடன்களில் பல பழைய முறையிலேயே நிற்கின்றன. வீட்டுவசதி நிதி நிறுவனங்களோ தத்தம் அளவுகோலைத் தாமே வகுத்துக்கொள்பவை. ஆகவேதான் ஒரே தெருவில் இருவர் வெவ்வேறு வட்டி செலுத்துகின்றனர்.

இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். வட்டி உயர்ந்த காலத்தில் பலருக்கு மாதத் தவணை உயரவில்லை. தவணைகளின் எண்ணிக்கையே நீண்டது. “நான் கட்டும் பணம் மாறவில்லையே” என்று அமைதியாக இருந்தவர்கள், முடிவு ஆண்டு தள்ளிப்போனதை அறியவில்லை. வட்டி மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்தாரரைக் கேட்க வேண்டுமென 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி பணித்தது. எனவே முதல் வேலையாக, எஞ்சிய அசல், இப்போதைய வட்டி, மீதமுள்ள தவணைகள் ஆகிய மூன்றையும் கடன் கொடுத்தவரிடமிருந்து எழுத்து மூலம் பெறுக.

கணக்கு

ஓர் உதாரணம். ஒருவருக்கு எஞ்சிய அசல் 8,00,000 ரூபாய், வட்டி 10.5 சதவிகிதம், மீதிக் காலம் 12 ஆண்டு. மாதத் தவணை சுமார் 9,793 ரூபாய். அவர் இனிக் கட்டவேண்டிய மொத்தம் ஏறத்தாழ 14,10,000 ரூபாய். இக்கடனை 9 சதவிகிதத்திற்கு மாற்றுவதாகக் கொள்வோம்.

முதல் வழி: காலத்தை அதே 12 ஆண்டாக வைத்துக்கொள்வது. தவணை 9,104 ரூபாய். மொத்தம் 13,11,000 ரூபாய். மாதம் 689 ரூபாயும், முடிவில் சுமார் 99,000 ரூபாயும் மிச்சம்.

இரண்டாம் வழி: “தவணை இன்னும் குறையும்” என்ற சொல்லுக்கு இசைந்து 20 ஆண்டுக் கடனாக எழுதிக்கொள்வது. தவணை 7,198 ரூபாய். மாதம் 2,595 ரூபாய் கையில் நிற்கிறது. ஆனால் கட்டும் மொத்தம் 17,27,000 ரூபாய்! வட்டி குறைந்தும், பழைய கடனிலேயே இருந்திருந்தால் கட்டியதைவிட 3,17,000 ரூபாய் அதிகம்.

மூன்றாம் வழி: வட்டி 9 சதவிகிதமாகக் குறைந்த பின்னும் பழைய தவணையான 9,793 ரூபாயையே விடாது கட்டி வருவது. கடன் 144 மாதத்திற்குப் பதில் 127 மாதத்தில் தீரும். மிச்சம் சுமார் 1,67,000 ரூபாய்.

கடன் ஒன்றே, வட்டியும் ஒன்றே. காலம் ஒன்றுதான் மாறியது. ஆகையால் மாதத் தவணையை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. இனிக் கட்டவேண்டிய மொத்தத் தொகையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மாற்றுவதற்கான செலவு

மாறும் வட்டியில் தனிநபர் பெற்ற வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் கட்டணம் வசூலிக்கலாகாதென ரிசர்வ் வங்கி 2012 ஜூனில் ஆணையிட்டது. நிலையான வட்டிக் கடன்களுக்கு இது பொருந்தாது. கடன் பத்திரத்தைப் படித்தே அறிய வேண்டும். கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் கடன் பெற்றவர்கள் தம் சங்கத்தின் விதிகளைச் செயலாளரிடம் கேட்டறிக.

வெளியேறும் கட்டணம் இல்லாவிடினும் உள்ளே நுழையும் செலவு உண்டு. பரிசீலனைக் கட்டணம், வழக்கறிஞர் கருத்துரை, வீட்டு மதிப்பீடு, சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய அடமானத்தை ரத்துச் செய்து புதியதை எழுதும் முத்திரை, பதிவுச் செலவுகள், அலைவதால் இழக்கும் கூலி ஆகியன அனைத்தையும் கூட்டுக. இவை 18,000 ரூபாய் எனக் கொண்டால், மாதம் 689 ரூபாய் மிச்சத்தில் அதை மீட்க 26 மாதமாகும். மீதிக் காலம் 12 ஆண்டாயிருப்பின் மாற்றம் பயனுள்ளதே.

எஞ்சிய அசல் 3,00,000 ரூபாய், மீதிக் காலம் 3 ஆண்டு என்றால் நிலைமை வேறு. அதே வட்டிக் குறைப்பில் மொத்த மிச்சம் சுமார் 7,600 ரூபாய் மட்டுமே. 18,000 செலவிட்டு 7,600 பெறுவது வியாபாரமாகாது. கடனின் முற்பகுதியில் தவணையின் பெரும்பங்கு வட்டிக்கே போய்விடும். பிற்பகுதியில் அசலே அதிகம் கழியும். எனவே மாற்றுவதாயின் முற்பகுதியில் மாற்றுவதே பொருத்தம்.

இவற்றுக்கெல்லாம் முன் செய்யவேண்டிய எளிய காரியம் ஒன்றுண்டு. வேறிடத்தில் தருவதாகச் சொல்லும் வட்டியை எழுத்தில் பெற்று, இப்போதைய கடன்காரரிடம் காட்டி வட்டியைக் குறைக்குமாறு விண்ணப்பியுங்கள். பல இடங்களில் சிறு கட்டணத்தோடு குறைத்துத் தருகின்றனர். புதிய அடமானமும் அலைச்சலும் மிச்சமாகும்.

கூடுதல் கடன் என்னும் ஆசை

கடனை மாற்றும்போது ‘டாப்-அப்’ என்னும் பெயரில் கூடுதல் தொகையும் தர முன்வருவார்கள். நெசவாளர் ஒருவர் இத்தகைய காகிதத்தை என்னிடம் காட்டினார். நூல் கடைப் பாக்கி, நகைக் கடன், பயிர்க் கடன் எல்லாவற்றையும் வீட்டுக் கடனில் சேர்த்து ஒரே தவணையாக்கலாமென்று அவருக்குக் கூறப்பட்டிருந்தது. கேட்பதற்கு இனிமையான யோசனைதான். ஆனால் தமிழ்நாட்டுக் கூட்டுறவுகளில், குறித்த காலத்தில் திருப்பிச் செலுத்தும் பயிர்க் கடனுக்கு வட்டியே இல்லை. அதை அடைப்பதற்காக 9 சதவிகிதத்தில் வாங்குவது, இல்லாத வட்டியை வலிந்து வரவழைப்பதாகும்.

அதனினும் முக்கியமானது வேறொன்று. நூல் கடைப் பாக்கிக்கு வீடு ஈடன்று. அதை வீட்டுக் கடனில் சேர்த்த மறுநாளே வீடு ஈடாகிவிடும். தவணைகள் தொடர்ந்து தவறினால், 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி, நீதிமன்றத்தில் வழக்குத் தொடராமலேயே வீட்டை ஏலத்திற்குக் கொண்டுவர வங்கிக்கு அதிகாரமுண்டு. விவசாய நிலத்திற்கு அச்சட்டத்தில் விலக்குண்டு, வீட்டிற்கில்லை. பண்டிகை விற்பனையையோ அறுவடையையோ நம்பியிருக்கும் நம் வருமானம் மாதந்தோறும் சமமாக வருவதன்று. தறி நிற்கும் வீட்டை இழப்பவன் பிழைப்பையும் உடனிழக்கிறான். அந்நெசவாளர் கூடுதல் தொகையை மறுத்து, 12 ஆண்டுக் காலத்தையும் மாற்றாமல், பழைய கடனை மட்டும் மாற்றிக்கொண்டார்.

பத்திரங்கள்

மாற்றுவதென்று துணிந்தபின், பழைய இடத்திலுள்ள மூலப் பத்திரங்களின் பட்டியலை முன்னதாகவே பெற்றுக்கொள்க. கடன் தீர்ந்த 30 நாட்களுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தரவேண்டும். அவர்களால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தரவேண்டும் என்னும் விதி 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ளது. அடமான ரத்துப் பதிவானபின் வில்லங்கச் சான்று எடுத்து, பழைய அடமானம் நீங்கியதை உறுதி செய்துகொள்க. பின்னர் வீட்டை மகன், மகள் பேருக்கு எழுதும்போது வரும் சிக்கலை இது தவிர்க்கும்.

வட்டி குறைவதோடு, மீதிக் காலம் நீளாமலும், செலவு இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் மீளக்கூடியதாகவும், பிற கடன்கள் வீட்டின் தலையில் ஏறாமலும் இருப்பின் தயங்காது மாற்றுக. இவற்றில் ஒன்று குறைந்தாலும் மறுபடி யோசியுங்கள். கையெழுத்திடுமுன் காகிதங்களைச் சங்கச் செயலாளரிடமோ, கணக்கறிந்த சக அங்கத்தினரிடமோ ஒருமுறை காட்டுங்கள். ஒருவர் கணக்கை இன்னொருவர் சரிபார்த்துக் கொடுப்பதும் கூட்டுறவுதான்.