காற்றுக்கு இடம் கொடுத்த ஜெனரேட்டர்

ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து முப்பந்தல் வெளியெங்கும் பரவுகின்ற தென்மேற்குப் பருவக்காற்று ஒரு கணம் கொண்ட வேகத்தை மறுகணம் கொண்டிருப்பதில்லை. அதிலிருந்து பிறக்கும் மின்சாரமோ விநாடிக்கு 50 சுழற்சி என்னும் நியமத்தினின்று வழுவாமல் மின்தொகுப்பில் கலந்தாக வேண்டும். சஞ்சலமே சுபாவமான ஒன்றையும் ஸ்திரமே தர்மமான மற்றொன்றையும் இணக்கி வைக்கும் பாரம், கோபுரத்து உச்சியிலிருக்கும் ஜெனரேட்டரின் மேல் விழுகிறது.

தொண்ணூறுகளில் இங்கே நாட்டப்பெற்ற சிறு காற்றாலைகள் பெரும்பாலும் தூண்டல் ஜெனரேட்டரையே நம்பின. டென்மார்க்கின் கெட்சரில் 1957இல் யோஹன்னஸ் யூல் நிறுவிய 200 கிலோவாட் காற்றாலை காட்டிய வழி அது. இறக்கையின் மந்தமான சுழற்சியைக் கியர்பாக்ஸ் பெருக்கித் தர, கூண்டு வடிவமான ரோட்டர் நிமிஷத்துக்கு 1500 சுற்றுக்குச் சற்றே மேலாக, நூற்றுக்கு ஒரு பங்கு அளவே கூடுதலாகச் சுழன்று மின்சாரம் தரும். எளிமையும் உறுதியும் வாய்ந்த யந்திரந்தான். ஆயினும் பலத்த காற்று திடீரென்று மோதும்போது வேகத்தைக் கூட்டி விலகிக்கொடுக்க அதற்கு இடமில்லாமையால், அந்த அதிர்ச்சியைக் கியர்பாக்ஸின் பற்களே தாங்க நேர்ந்தது. போதாக்குறைக்கு, தன் காந்த சக்திக்கு வேண்டிய ரியாக்டிவ் பவரையும் அது மின்தொகுப்பிடமே கேட்டு வாங்கிற்று. அக்குறையைக் கெப்பாசிட்டர்கள் ஓரளவு ஈடு செய்தன.

டி.எஃப்.ஐ.ஜி. (இருவழி ஊட்டத் தூண்டல் ஜெனரேட்டர்) எனப்படும் அடுத்த வகையில்தான் காற்றுக்குச் சற்று சுதந்திரம் கிட்டியது. இதன் ரோட்டரிலும் கம்பிச்சுருள் உண்டு. வேகம் மாறுந்தோறும் அதற்கேற்ற மின்னோட்டத்தைக் கன்வெர்ட்டர் அச்சுருளுக்கு ஊட்டுவதால், வேகம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் வெளிவரும் மின்சாரம் 50 சுழற்சியிலேயே நிற்கிறது. மொத்தத் திறனில் மூன்றில் ஒரு பங்களவே கன்வெர்ட்டர் வழியாகச் செல்வதால் செலவும் அடங்கியது. இந்தச் சாதுரியத்தை நான் மெச்சுகிறேன். ஆனால், சுழலும் வளையங்களோடு உராய்ந்து உராய்ந்து தேயும் கார்பன் பிரஷ்களைப் பார்வையிட, அவ்வளவு உயரம் ஏறி மூடியைத் திறக்கும் தொழிலாளியின் விரல்களில் மை போன்ற கரித்தூள் அப்பிக்கொள்வதையும் மறக்கலாகாது.

கியர்பாக்ஸையே நீக்கிய வகையும் உண்டு. எனர்கான் நிறுவனம் 1993இல் கொணர்ந்த ஈ-40இல், பல துருவங்கள் கொண்ட அகன்ற வளையமொன்று இறக்கையோடு இறக்கையாகவே மெல்லச் சுழல்கிறது. உண்டாகும் மின்சாரம் முழுவதும் கன்வெர்ட்டரில் திருத்தம் பெற்றே வெளியேறுகிறது. எனர்கான் காந்தத்துக்குத் தாமிரச் சுருளை நாடிற்று. நிரந்தரக் காந்தத்தை நாடியவர்களோ நியோடிமியத்துக்குச் சீனத்தை எதிர்பார்க்க வேண்டியவர்களானார்கள்.

முப்பந்தலில் காற்று செறிந்த இடங்களை, விலகிக்கொடுக்கத் தெரியாத அந்தப் பழைய யந்திரங்களே முந்திவந்து பிடித்துக்கொண்டன. ஆடிக்காற்றின் ஒவ்வொரு மோதலையும் அவற்றின் கியர்பாக்ஸுகள் இன்னமும் வாங்கிக்கொண்டிருக்கின்றன.