ஆற்றுக்கு வழிவிடும் ரயில்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கிறது கியோகுக் என்ற சிறுநகரம். எதிர்க்கரை இல்லினாய் மாநிலம். இரண்டையும் இணைக்கும் இரும்புப் பாலம் 1916-இல் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ரால்ஃப் மோஜெஸ்கி. மேலடுக்கில் சாலை, கீழடுக்கில் தண்டவாளம். 1985-இல் பக்கத்திலேயே புதுச் சாலைப் பாலம் வந்ததும், பழைய பாலத்தில் சரக்கு ரயில் மட்டும் மிஞ்சியது.

ரயிலை ஓட்டுவது கியோகுக் ஜங்ஷன் ரயில்வே. பெரிய கம்பெனிகள் வேண்டாமென்று விட்ட கிளைப்பாதைகளை வாங்கி, உள்ளூர்ச் சரக்கைப் பெரிய பாதை வரை கொண்டுசேர்க்கும் இத்தகைய சிறு ரயில்வேக்களை அங்கே ‘ஷார்ட் லைன்’ என்பார்கள். பாலம் மட்டும் நகராட்சிக்குச் சொந்தம்.

பாலத்தின் ஒரு பகுதி திரும்பக்கூடியது. தராசுத் தண்டைப்போல நடுத்தூணின் மேல் சமநிலையில் நிற்கும் அது, கிடைமட்டமாகத் திரும்பிப் படகுக்கு வழிவிடும். இவ்வகைப் பாலங்களில் ரயிலை விடுமுன் இரு முனைகளின் அடியிலும் ஆப்புகளை இறுக்குவார்கள். இல்லாவிட்டால் ஒரு முனையில் என்ஜின் ஏறும்போது மறுமுனை எழும்பிவிடும்.

இப்போது ரயிலும் வருகிறது, படகும் வருகிறது. யார் காத்திருக்க வேண்டும்? ‘படகுதான்’ என்றே நாம் எல்லோரும் நினைப்போம். லெவல் கிராசிங்கில் நின்று நின்று பழகியவர்கள் அல்லவா! இங்கே சட்டம் நேர்மாறு. படகு நீளமாக ஒன்று, குறுகியதாக ஒன்று என ஊதினால், பாலத்தைத் தாமதிக்காமல் முழுதாகத் திறந்தாக வேண்டும். ரயில் ஏற்கெனவே பாலத்தில் இருந்தால் விலக்கு உண்டு. அப்போது பாலத்திலிருந்து ஐந்து குறுகிய ஊதல்கள் வரும்: ‘இப்போது முடியாது.’

ஏன் இப்படி? பாலத்துக்கு முன்பே ஆறுதான் நெடுஞ்சாலை. மிசிசிப்பிக்குச் செல்லும் நீர்வழிகள் எல்லோருக்கும் பொதுவானவை என்று 1787-இலேயே ஒரு சட்டம் அறிவித்துவிட்டது. நடைமுறைக் காரணமும் உண்டு. ஆற்றின் போக்கில் பாலத்துக்குச் சற்று முன்னால் ஓர் அணையும், அதையொட்டி 1,200 அடி நீள லாக்கும் இருக்கின்றன. அணையின் மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்குப் படகை இறக்கிவிடும் நீர்த்தொட்டிதான் லாக். அதிலிருந்து வெளிவந்து, பதினைந்து சரக்குப் பார்ஜ்களை ஒன்றாகக் கட்டித் தள்ளிவரும் படகு, பின்னாலிருந்து நீரோட்டமும் தள்ள, நினைத்த இடத்தில் நிற்காது. ரயிலையோ கரையிலேயே சிக்னல் போட்டு நிறுத்திவிடலாம்.

அதற்காகப் பாலத்துக்கு உரிமையே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். 1856-இல் இதே ஆற்றில், ராக் ஐலண்ட் என்ற இடத்தில், ஒரு நீராவிக் கப்பல் ரயில் பாலத்தில் மோதி எரிந்தது. கப்பல்காரர் வழக்குப் போட்டார். பாலத்தின் தரப்பில் வாதாடிய வக்கீல்களில் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். ஆற்றோடு போக ஒருவருக்கு உரிமை உண்டென்றால், ஆற்றைக் கடக்க இன்னொருவருக்கும் உண்டு என்றார். ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பிற்காலச் சட்டம் இரு உரிமைகளையும் வைத்துக்கொண்டது: பாலம் கட்டலாம், கப்பல் வந்தால் வழிவிட வேண்டும். அந்த நிபந்தனையோடுதான் கியோகுக் ரயிலும் ஆற்றைக் கடக்கிறது.