மதிப்பெண்ணும் ஓர் அளவீடே!

உங்கள் வீட்டு மேசையின் நீளத்தை மில்லிமீட்டர் வரை கவனமாக மூன்று முறை அளந்து பாருங்கள். மூன்று முறையும் ஒரே விடை வருவது அரிது. மேசை நீளவுமில்லை, சுருங்கவுமில்லை. ஆயினும் அளவுகள் சற்றே வேறுபடுகின்றன. இதையே அளவீட்டுப் பிழை என்கிறோம். தேர்வு மதிப்பெண்ணிலும் இத்தகைய பிழை உண்டு என்றால் வியப்பாக இருக்கிறதா?

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர விரும்பும் மாணவர் பலர் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வை எடுத்துக் கொள்வோம். இது 1926-இல் தொடங்கியது. இன்று அதில் இரு பிரிவுகள் உள்ளன: படித்தலும் எழுதுதலும் ஒன்று, கணிதம் மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் 200 முதல் 800 வரை. விரும்பினால் மறுமுறையும் எழுதலாம். எழுதியதை ரத்தும் செய்யலாம். எப்போது எதைச் செய்வது? இங்கேதான் அறிவியல் கைகொடுக்கிறது.

ரத்து செய்யலாமா?

ரத்து செய்வதென்றால் மதிப்பெண் வெளிவருமுன்பே, சில நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். ரத்தான மதிப்பெண் கல்லூரிக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அதைத் திரும்பப் பெறவும் முடியாது. அதாவது, வெப்பமானியைப் பார்க்காமலே உடைப்பது போன்றது இது!

"தேர்வு மிகக் கடினமாயிருந்தது" என்ற உணர்ச்சியை நம்பலாமா? கூடாது. எளிதாக விடையளித்த வினாக்கள் மறந்துவிடும்; திணறிய வினாக்களே மனத்தில் நிற்கும். மேலும், 2024 முதல் அமெரிக்காவிலும் கணினியிலேயே நடக்கும் இத்தேர்வில் ஒவ்வொரு பிரிவும் இரு பகுதிகளாக வருகிறது. முதற்பகுதியை நன்றாகச் செய்தவருக்கு இரண்டாம் பகுதியில் கடினமான வினாக்களைக் கணினி தருகிறது. ஆகவே, பிற்பகுதி கடினமாயிருந்தது என்பதே நீங்கள் நன்றாக எழுதியதற்கு அடையாளமாக இருக்கலாம். தேர்வின் நடுவே காய்ச்சலால் பாதியில் விட்டவர் ரத்து செய்வதில் பொருளுண்டு. வெறும் அச்சத்தால் செய்வதில் பொருளில்லை.

மீண்டும் எழுதலாமா?

இது மதிப்பெண்ணைக் கண்ட பின் எடுக்கும் முடிவு. கணிதத்தில் 620 பெற்றிருந்தால், உங்கள் உண்மைத் திறன் ஏறத்தாழ 590-க்கும் 650-க்கும் இடையே இருக்கக்கூடும். சிலருக்கு அதற்கு வெளியேயும் அமையலாம். அன்று வந்த வினாக்கள், இரவுத் தூக்கம், ஊகித்துக் குறித்த விடைகள் ஆகியவை எல்லாம் சேர்ந்து இந்த ஏற்றத்தாழ்வை உண்டாக்குகின்றன.

ஒருவர் வழக்கத்தைவிட மிகக் குறைவாகப் பெற்றால், அடுத்த முறை உயரவே வாய்ப்பு அதிகம். எதிர்பாராத அளவு உயர்வாகப் பெற்றவருக்குச் சற்று இறங்கவே வாய்ப்பு அதிகம். பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை ஆராய்ந்த பிரான்சிஸ் கால்ட்டன் 1886-இல் விளக்கிய "சராசரியை நோக்கித் திரும்புதல்" என்பது இதுவே.

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பகடையைப் பலமுறை உருட்டினால் சராசரி 3.5. இருமுறை உருட்டி, பெரிய எண்ணை மட்டும் குறித்துக்கொண்டே வந்தால் சராசரி ஏறத்தாழ 4.5! பகடை எதையும் கற்றுக்கொள்ளவில்லை. நல்லதை மட்டும் நாம் பொறுக்கினோம், அவ்வளவே. பல கல்லூரிகள் ஒவ்வொரு பிரிவிலும் மாணவர் பெற்ற மிக உயர்ந்த மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்கின்றன. அங்கே மறுமுறை எழுதுவது ஓரளவு ஆதாயமே. சில கல்லூரிகளோ எல்லா மதிப்பெண்களையும் கேட்கின்றன. எனவே விதியை முதலில் படியுங்கள்.

ஆனால் பகடை தரும் ஆதாயம் சிறியது. மூன்றாம், நான்காம் முறைகளில் அது மேலும் மேலும் குறையும். பெரிய உயர்வு வேண்டுமானால் திறனே மாற வேண்டும். எந்தப் பாடத்தில் தவறினேன்? அதைக் கற்க எனக்கு எத்தனை வாரங்கள் உள்ளன? இவ்விரு கேள்விகளுக்கும் தெளிவான விடையிருந்தால் துணிந்து மீண்டும் எழுதுங்கள். இல்லையேல் அந்த நேரத்தை வேறு நல்ல படிப்பில் செலவிடுங்கள். 620 என்பது அன்றைய காலைப்பொழுதின் அளவீடு மட்டுமே. உங்கள் அளவு அன்று.