காணிக்கை போகிறது, சபை போகிறதா?



உல்லாஸ்நகர் கேம்புகளில் வாடகைக் கட்டிடத்தில் கூடிவரும் சபைகளிலே, ஞாயிறு ஆராதனைக்குப் பின் மூப்பர்கள் அமரும்போது ஒரு கேள்வி எழுவதுண்டு. சுவிசேஷம் அறிவிப்பது சபையின் கடமையாயிருக்க, அதற்கென்று வேறொரு மிஷனெரி ஸ்தாபனத்திற்கு நாம் மாதந்தோறும் பணம் அனுப்புவானேன்? நமக்கோ இன்னும் சொந்தக் கட்டிடமில்லை. இரண்டு காரியங்களுக்கும் காணிக்கைப் பை ஒன்றுதான்.

இக்கேள்விக்கு நம்மில் அநேகர் விட்டு வந்த திருநெல்வேலிச் சீமையிலேயே ஒரு பதில் இருக்கிறது. வெள்ளாளன்விளையில் பிறந்த வே.ச. அசரியா 1902-ல் யாழ்ப்பாணம் சென்றிருந்தார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பணம் சேர்த்து, கடலுக்கு இப்பாலுள்ள தொண்டிப் பகுதிக்கு ஊழியரை அனுப்பியிருப்பதைக் கண்டார். அவர்களிலும் பெரிதான திருநெல்வேலித் திருச்சபை ஒருவரையும் அனுப்பவில்லையே என்ற பாரம் அவரை அழுத்திற்று. 1903 பிப்ரவரி 12-ல் பாளையங்கோட்டையிலே இந்திய மிஷனெரி சங்கம் உருவாயிற்று. ஆட்களும் பணமும் நிர்வாகமும் இந்தியருடையவையாகவே இருக்கவேண்டும் என்பது அதன் தீர்மானம். மறு ஆண்டிலேயே நிஜாம் சமஸ்தானத்துத் தோர்ணக்கலுக்கு மிஷனெரி போனார். 1909-ல் அசரியா தாமே குருப்பட்டம் பெற்று அங்கே சென்றார். தெலுங்கு பேசும் ஏழை ஜனங்களோடு வாழ்ந்தார்.

அவர்கள் வேறு சபைப் பிரிவினர், நமக்கென்ன என்பீர்களோ? அந்நிய பாஷை கற்று, பல வருஷம் ஓரிடத்தில் தங்கி, பிள்ளைகளையும் படிக்கவைக்கும் ஒரு மிஷனெரிக் குடும்பத்தை நாற்பது குடும்பங்களுள்ள சபை தனியே தாங்கக்கூடுமோ? பத்துச் சபைகள் சேர்ந்தால் தாங்கலாம். அப்படிச் சேர்வதற்கு ஒரு ஸ்தாபனமும், தணிக்கை செய்யப்பட்ட கணக்கும் தேவைப்படும். மேலும், 2020-ல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி, அயல்நாட்டுப் பணத்தைப் பெற்ற ஒரு ஸ்தாபனம் அதை மற்றொன்றுக்குக் கொடுக்க இயலாது. ஆகவே உள்நாட்டு விசுவாசிகளின் காணிக்கை முன்னிலும் அவசியமாயிற்று.

ஆனாலும் ஸ்தாபனத்தைக் குறைகூறுவோரின் வார்த்தையிலும் உண்மை உண்டு. நீங்கள் தாங்குகிற மிஷனெரியின் பெயரென்ன என்று உங்கள் சபையில் கேட்டுப்பாருங்கள். பொருளாளரைத் தவிர எத்தனை பேர் சொல்லுவார்கள்? அந்தியோகியா சபை உபவாசித்து ஜெபித்து, கைகளை வைத்து அனுப்பியது (அப். 13:1-3). அனுப்பப்பட்டவர்களும் திரும்பி வந்து, சபையைக் கூட்டி, நடந்தவைகளை அறிவித்தார்கள் (அப். 14:26-27). நாமோ காசோலையை மட்டும் அனுப்பிவிட்டு இளைப்பாறுகிறோம்.

நாம் குடியிருக்கும் இந்நகரமே பிரிவினையில் வீடிழந்து வந்த சிந்தி மக்களுக்காக எழும்பியது. 1949-ல் இதற்கு அஸ்திபாரக்கல் நாட்டியவர் ஒரு தமிழர், ராஜாஜி. நாமும் பிழைப்புக்காக வந்தவர்கள்தாம். ஆயினும் பக்கத்து வீட்டு சிந்திக் குடும்பத்தின் துக்கத்திலோ வியாதியிலோ எத்தனை முறை அவர்கள் வாசலுக்குப் போயிருக்கிறோம்? அதற்கு எந்த ஸ்தாபனமும் ஆள் அனுப்பாது. கல்யாணுக்கு அப்பால் முர்பாட், ஷஹாபூர் பக்கங்களில் தாக்கூர், காத்கரி ஜனங்கள் வாழ்கிறார்கள். இங்கே பிறந்த நம் வாலிபருக்கு மராத்தி தடையே அல்ல.

ஆகையால் ஸ்தாபனத்திற்குக் கொடுங்கள் என்றே சொல்லுவேன். கொடுக்குமுன் மிஷனெரியின் பெயரையும், மூன்று மாதத்திற்கொரு கடிதத்தையும், வருஷாந்தரக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். வருஷத்தில் ஒருமுறை இரண்டு வாலிபரைப் பணித்தளத்திற்கு அனுப்புங்கள். வருகிற மூப்பர் கூட்டத்தில் அந்தக் கடிதத்தை முதலாவது வாசியுங்கள். கட்டிட நிதிக் கணக்கு அதற்குப் பிறகு வரட்டும்.